சொல் தேடி: புகாரி என்றால் பிரியாணிக் கடையா?

கேள்வி: என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். இப்போது லடாக்கில் போஸ்டிங். போனில் பேசும்போதெல்லாம், "புகாரி பக்கத்துலதான் உக்காந்திருக்கேம்மா, குளிரே தெரியல" என்கிறான். புகாரி என்றால் எனக்குத் தெரிந்தது சென்னையில் இருக்கும் பிரியாணிக் கடை ஒன்றுதான். கேட்டால், அது ஒருவகை அடுப்பு என்கிறான். புகாரா என்ற ஊரிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்று அவனுடைய நண்பன் சொன்னானாம். நிஜமா?
– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி, அம்மா. நண்பன் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் அதை ஏற்கமாட்டேன். அதற்கு முன் அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று உங்களுக்கும் தெரியட்டும். நானும் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் கிளார்க்காக இருந்து, லடாக்கின் லே நகரில் குளிர்காலம் கழித்தவன்தான்.

புகாரி என்பது தகரத்தில் செய்த உருளை. ஏறக்குறைய இடுப்பு உயரம் இருக்கும். அடிப்பாகம் அகலம், மேலே போகப் போகக் குறுகும். கீழே சின்னக் கதவு ஒன்று உண்டு. விறகோ நிலக்கரியோ அதன் வழியாகத்தான் உள்ளே போகும். தலையிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, முழங்கை போல ஒரு மடிப்பு மடிந்து, ஜன்னல் வழியாக வெளியே போகும். அதற்காக ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நடுவில் ஓட்டை போட்ட தகரத்தை அடித்திருப்பார்கள். சூடு அறைக்குள், புகை வெளியே. அவ்வளவுதான் அதன் வேலை.

ராணுவத்தில் மண்ணெண்ணெய்ப் புகாரிதான் அதிகம். ஜெர்ரிகேனைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாய் இழுத்து, நடுவில் ஒரு திருகு வைத்திருப்பார்கள். எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்து எரியும். திருகைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் போதும், புகாரி பழைய ரயில் எஞ்சின் மாதிரி 'குப் குப்' என்று குமுற ஆரம்பித்துவிடும், தகரம் சிவந்துபோகும். பாரக்கில் யாராவது ஒருவருக்கு அந்தத் திருகின் சூட்சுமம் கைவந்திருக்கும். மற்றவர்களை அவர் தொடவிடமாட்டார். மேலே எப்போதும் ஒரு கெட்டில். சுற்றிலும் காயும் சாக்ஸ். குழாயில் கரி அடைத்துக்கொண்டால் புகை அறைக்குள் திரும்பும். அதனால் அவ்வப்போது குழாயைக் கழற்றி, வெளியே கொண்டுபோய்த் தரையில் தட்டிக் கரியை உதிர்க்க வேண்டும். இந்த வேலைக்கு யாரும் முன்வந்து நான் பார்த்ததில்லை.

சரி, பெயருக்கு வருவோம்.

அரபியில் 'புகார்' என்றால் ஆவி, நீராவி, கிளம்பி மேலே போகும் புகை. அந்தச் சொல் பாரசீகத்துக்குப் போனது. அங்கே அதோடு ஒரு 'ஈ' சேர்ந்து 'புகாரி' ஆகி, கணப்பு, சூடு தரும் அடுப்பு என்ற பொருளைப் பெற்றது. இன்றைக்கும் ஈரானில் வீட்டைச் சூடாக்க வைக்கும் ஹீட்டர் எதுவானாலும் அது 'பொகாரி'தான். கேஸில் எரிந்தாலும் பொகாரி, மின்சாரத்தில் ஓடினாலும் பொகாரி. காபூலில் விறகும் நிலக்கரியும் போட்டு எரிக்கும் தகர அடுப்புக்கும் இதே பெயர். காஷ்மீரும் லடாக்கும் இந்தப் பெயரைப் பாரசீக வழியில்தான் வாங்கிக்கொண்டன. காஷ்மீரில் சில நூற்றாண்டுகள் பாரசீகம்தான் அரசாங்க மொழி என்பதை நினைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அரபிச் சொல்லின் வேரில் ப-க-ர என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றன (அந்த 'க' தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு வரும், நம் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை). வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே வாசனைக்காகத் தணலில் போடும் மரச்சீவலுக்குப் 'பகூர்' என்று பெயர். தணல் வைக்கும் கிண்ணத்துக்கு 'மப்கரா'. மூன்றும் ஒரு வேர்தான். இந்தக் குடும்பத்தில் யாரைக் கூப்பிட்டாலும் புகையோ ஆவியோ கூடவே வருகிறது. அடுப்பும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். இவ்வளவு பக்கத்தில் சொந்தக்காரர்கள் இருக்கும்போது, பெயருக்காக உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாரா வரை எதற்குப் போக வேண்டும்?

ஆனால் உங்கள் மகனின் நண்பன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதும் புரிகிறது. பாரசீக எழுத்தில் அடுப்பையும் 'புகாராக்காரர்' என்பதையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. புகாரா பட்டுப்பாதையில் இருந்த புகழ்பெற்ற ஊர். நபிகளின் சொல், செயல் பற்றிய குறிப்புகளான ஹதீஸ்களைத் தொகுத்த இமாம் புகாரி 810-ல் பிறந்தது அங்கேதான். அவர் மீதுள்ள மரியாதையால் உலகம் முழுக்க முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் புகாரி என்று பெயர் வைத்தார்கள். 1951-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் திறந்த ஏ.எம். புகாரியின் பெயரும் அந்த வகைதான். ஆக, நீங்கள் சொல்லும் பிரியாணிக் கடையின் பெயரை நூல் பிடித்துக்கொண்டே போனால் புகாரா ஊர் வரும். அடுப்பின் பெயரை நூல் பிடித்தால் ஆவிதான் வரும்.

இந்தியில் காய்ச்சலுக்குப் 'புகார்' என்று சொல்வதும் அரபியிலிருந்து வந்ததே. உடம்பில் ஆவி பறக்கிறது என்ற கணக்கு. தமிழ்ப் பையன்களுக்கு இதில் ஒரு கண்டம் உண்டு. நம் ஊரில் புகார் என்றால் முறையீடு அல்லவா? தூத்துக்குடிப் பையன் ஒருவன், ஊரிலிருந்து வந்து இறங்கிய வாரமே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். நர்சிங் அசிஸ்டென்ட் வந்து, "புகார் ஹை க்யா?" என்று கேட்டார். இவன் பதறி எழுந்து நின்று, "நோ சார், யார் மேலயும் இல்ல சார்" என்றான். நம் 'புகார்' வேறு வழியாக வந்தது. கூப்பிடு, கத்து என்று பொருள்படும் 'புகார்னா' என்ற இந்திச் சொல்லின் உறவு அது. காவிரிப்பூம்பட்டினத்துப் புகாரோ அசல் தமிழ், ஆறு கடலில் புகும் இடம். காய்ச்சல், முறையீடு, பட்டினம் என்ற இந்த மூன்று புகாருக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் தேட வேண்டாம். 'புகை'யிலிருந்து 'புகாரி' என்று எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அழகான யோசனை. ஆனால் லடாக்கியருக்கு நாம் அடுப்புக்குப் பெயர் வைத்துக் கொடுக்கவில்லை.

சொல் ஆராய்ச்சியை விட்டு ஒரு விஷயம். அடுத்த முறை பேசும்போது மகனிடம், இரவு படுக்கும் முன் புகாரியை அணைக்கிறார்களா, ஜன்னலில் ஒரு கீற்றாவது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். கரியோ எண்ணெயோ போதிய காற்றில்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும். குளிருக்கு இதமாகத் தூக்கம் வருகிறது என்றுதான் ஆள் நினைப்பார். அணைக்கும் பொறுப்பை இரவுக் காவலில் இருக்கும் ஜவானிடம் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் அம்மா கேட்டால் கூடுதல் கவனம் வரும்.

கேள்வி: நாங்கள் தாராவியில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். பாட்டி கரி அடுப்பைச் 'சேகடி' என்பார். இப்போது கேஸ் அடுப்பையும் இங்கே எல்லோரும் 'கேஸ் சேகடி' என்கிறார்கள். என் அலுவலகத்தில் வடக்கத்தியர்கள் 'சிக்ரி', 'அங்கீட்டி' என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?
– வாசகர், மும்பை

பதில்: பொருள் ஒன்றுதான். பெயர்களில் இரண்டு ஒரு தாய் வயிறு, மூன்றாவது வேறு.

அமரகோசம் என்ற பழைய சமஸ்கிருத நிகண்டில் தணல் சட்டிக்குப் பெயர்கள் அடுக்கியிருக்கிறது: அங்காரதானிகா, அங்காரசகடீ, ஹசந்தீ, ஹசனீ. அங்காரம் என்றால் கனன்றுகொண்டிருக்கும் கரி. செவ்வாய்க்கு அங்காரகன் என்று பெயர் வந்ததும் அந்தச் சிவப்பால்தான். வைத்தீஸ்வரன்கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வரும் எத்தனை பேருக்கு, தணல் துண்டைக் கும்பிட்டோம் என்று தெரியும்? சகடீ என்றால் வண்டி. நமக்கும் சகடம், சகடை எல்லாம் தெரிந்த சொற்கள்தானே. அங்காரசகடீ, அதாவது தணல் வண்டி. தூக்கிக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகலாம், சிலவற்றுக்குச் சக்கரமே இருந்திருக்கலாம். நாள் போகப் போக 'அங்கார' உதிர்ந்து வண்டி மட்டும் மிஞ்சியது. அது குஜராத்தியில் 'சகடி', மராத்தியில் 'சேகடி', இந்தியில் 'சிக்டி' அல்லது 'சிக்ரி'. உங்கள் வீட்டுச் சமையல்மேடையில் குழாயோடு பிணைந்து, ஓர் அங்குலம்கூட நகர முடியாமல் இருக்கும் கேஸ் அடுப்பை நீங்கள் தினமும் வண்டி என்றுதான் கூப்பிடுகிறீர்கள்.

அங்கீட்டி 'அக்னிஷ்டிகா'விலிருந்து வந்தது. அக்னி இருக்கும் இடம் என்று பொருள். கன்னடத்து 'அக்கிஷ்டிகெ'யும் அதுவே. டெல்லியில் டிசம்பர் இரவில் வாட்ச்மேன்கள் சுற்றி உட்கார்ந்து கை காட்டிக்கொண்டிருப்பார்களே, அது.

ஹசந்தீயை விட்டுவிட மனமில்லை. ஹசந்தீ என்றால் 'சிரிக்கிறவள்'. கரி பிடித்துக்கொண்டு, கருப்புக்கு நடுவே சிவப்பு விட்டுவிட்டுத் தெரியும் அந்தக் கணத்தைப் பார்த்த யாரோ வைத்த பெயர். இத்தனை பெயர்களில் எனக்குப் பிடித்தது இதுதான். பாவம், பேச்சில் நிற்காமல் போனதும் இதுதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்னும் ஒரு குமுட்டி அடுப்பு இருக்கிறது. குமுட்டி தமிழ்ச் சொல்லா? நம் ஊர் வெயிலில் கணப்புக்குத் தமிழில் பழைய பெயர் இருக்க வாய்ப்பே இல்லை என்று என் மருமகன் சொல்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: மருமகனை ஒரு மார்கழி விடியற்காலையில் உதகைக்கு அனுப்பி வையுங்கள், ஸ்வெட்டர் கொடுக்காமல்.

முதலில் குமுட்டி. தெலுங்கில் இது 'கும்பட்டி'. நம் குமுட்டியை அதிலிருந்து பிரிக்க முடியாது. தெலுங்குக்காரர்கள் இந்தச் சொல்லை நம்மைவிட நன்றாக வைத்துப் பிழைக்கிறார்கள். குடும்பத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனால் 'வேறு கும்பட்டி' வைத்தான் என்பார்கள். இப்போது வீட்டைவிட அரசியலில்தான் இது அதிகம். கட்சியை உடைத்துக்கொண்டு ஒரு தலைவர் வெளியே வந்தால், மறுநாள் ஹைதராபாத் பேப்பர்களில் வேறு கும்பட்டிதான் தலைப்பு. ஓயாத கவலைக்கு 'நெஞ்சின் மேல் கும்பட்டி'. நாம் 'வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு' என்கிறோமே, அந்த இடத்தில். நம்மிடம் குமுட்டி சமையலறையைத் தாண்டவில்லை. இரும்பு வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் கம்பித் தட்டு வைத்து, கீழே சாம்பல் விழ வாய் விட்டு, அந்த வாய்க்கு நேரே பனை விசிறியால் விசிறினால் பொறி பறக்கும். ஈயச்சொம்பில் ரசம் வைக்க அதைவிட்டால் வேறு இல்லை என்று சொல்லும் கட்சியில் நானும் ஒருவன். கேஸில் ஈயம் உருகிவிடும் என்ற பயத்தில் பாதி உயிர் போகிறது.

கணப்பு நம் சொல். உடம்பு கணகணவென்று இருக்கிறது என்கிறோமே, அதே கண. பிள்ளை பெற்றவளுக்கு வேது கொடுக்கவும், தலைக்குச் சாம்பிராணி காட்டவும் கணப்புச்சட்டிதான்.

பழைய பெயர் என்று கேட்டீர்களே, அது 'தடவு'. நெடுநல்வாடை குளிர்காலத்துப் பாட்டு. வாடைக்காற்று அடிக்கிறது, தூறல் விடவில்லை. அப்போது ஊரில் யாரும்

'தொகுவாய்க் கன்னல் தண்ணீர் உண்ணார்
பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர'

என்று வருகிறது. குவிந்த வாயுள்ள கன்னல் செம்பில் தண்ணீர் குடிக்க ஆளில்லை. எல்லோரும் அகன்ற வாயுள்ள தடவில் செந்நெருப்பை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். தொகுவாய், பகுவாய் என்று இரண்டு பாத்திரங்களின் வாயை மட்டும் காட்டியிருப்பதைப் பாருங்கள். தண்ணீர் குளிர்ச்சி கெடாமல் இருக்க வாய் குறுக வேண்டும், நெருப்பு மூச்சுவிட வாய் அகல வேண்டும். குயவர் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் இது கையில் வரும். பாட்டின் தொடக்கத்திலேயே மாடு மேய்க்கும் கோவலர்கள் மழையில் நனைந்து, கையில் கொள்ளியை வைத்துக்கொண்டு, கன்னம் அடித்துக்கொள்ள நடுங்குகிறார்கள். அவர்களுக்குத் தடவு இல்லை, மாடத்தில் இருப்பவர்களுக்கு உண்டு. குளிர் அன்றைக்கும் ஆள் பார்த்துத்தான் அடித்திருக்கிறது.

தடவு என்ற சொல் பின்னாளில் மங்கியபோது உரைகாரர் அதற்கு 'இந்தளம்' என்று பொருள் எழுதினார். இப்போது இந்தளத்துக்கே உரை தேவைப்படுகிறது. தேவாரம் பாடுகிறவர்களுக்கு மட்டும் அது பண்ணின் பெயராகத் தெரியும். சம்பந்தரின் இரண்டாம் திருமுறை இந்தளப் பண்ணில்தான் தொடங்குகிறது.

கேள்வி: காஷ்மீருக்குச் சுற்றுலா போனபோது ஒருவர் சட்டைக்குள் நெருப்புக் கூடையை வைத்துக்கொண்டு நடந்துபோனார். அதுவும் புகாரியா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை, அது காங்ரி. உள்ளே மண் சட்டி, வெளியே பிரம்புபோல் பின்னிய கூடை, சட்டியில் கரித்தணல். தணலைக் கிளற ஒரு சின்னக் கரண்டியும் கூடவே தொங்கும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஃபெரன் அங்கிக்குள் அதை வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். கையை ஃபெரனுக்குள் இழுத்துக்கொள்வதால் வெளியே சட்டைக் கை வெறுமையாக ஆடும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் திக்கென்று இருக்கும். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு அங்கே 'சில்லை கலான்' என்று பெயர். அப்போது காங்ரி இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. சரார்-இ-ஷரீஃப் ஊரில் பின்னும் காங்ரிக்கு மவுசு அதிகம்.

வருடக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டுத் தோலில் புற்றுநோய் வருவதை எல்ம்ஸ்லி என்ற மிஷன் டாக்டர் 1866-லேயே எழுதிவைத்தார். மருத்துவப் புத்தகங்களில் அதற்குக் 'காங்ரி கேன்சர்' என்றே பெயர். நீங்கள் வாங்கி வந்திருந்தால் ஷோகேஸில் வையுங்கள். ஈரோட்டில் அதற்கு வேறு வேலை இல்லை.